சென்னையிலிருந்து முதல் வெளிநாட்டுப் பயணம்: எதை முதலில் செய்வது, எங்கே காசு வீணாகும்

சலுகை விலை விளம்பரத்தைப் பார்த்ததும் டிக்கெட்டைப் போட்டுவிட்டு, அதற்கப்புறம் பாஸ்போர்ட்டையும் விசாவையும் பற்றி யோசிப்பது நம்மில் பலருக்கு வழக்கம். வெளிநாட்டுப் பயணத்தில் பணம் வீணாவது பெரும்பாலும் இந்த வரிசைக் குழப்பத்தால்தான். முதலில் பாஸ்போர்ட்டில் பெயர், அப்புறம் நாடும் மாதமும், அப்புறம் விசா, அதற்கும் பிறகுதான் டிக்கெட். இந்த வரிசையில் போனால் ஏஜெண்ட் துணையே பல இடங்களில் தேவைப்படாது.

அப்பா அம்மாவை மலேசியா அனுப்பவும், பிறகு குடும்பத்தோடு சிங்கப்பூர், தாய்லாந்து போகவும் அலைந்ததில் தெரிந்துகொண்டவற்றைத்தான் எழுதுகிறேன். சென்னையில் இருப்பவர்களுக்கும், சென்னை வந்து விமானம் ஏறும் வெளியூர்க்காரர்களுக்கும் உதவும். சுற்றுலாவுக்கு மட்டும்தான் இது. வேலை விசா, படிப்பு விசா எல்லாம் வேறு கதை.

1. பாஸ்போர்ட்: இனிஷியலை முதலில் தீர்த்துவிடுங்கள்

'பாஸ்போர்ட் சேவா' இணையதளத்திலோ 'எம்பாஸ்போர்ட் சேவா' செயலியிலோ நீங்களே விண்ணப்பிக்கலாம். தேடும்போது அதே சாயலில் தனியார் தளங்களும் வரும். அவர்கள் அரசுக் கட்டணத்துக்கு மேலே தங்கள் பங்கையும் வாங்கிக்கொண்டு உங்கள் ஆவணங்களையும் வைத்துக்கொள்வார்கள். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே பெயரைத் தட்டுங்கள்.

36 பக்க பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000. தட்கல் என்றால் அதற்கு மேல் இன்னொரு 2,000. பெரியவர்களுக்குப் பத்து வருடம் செல்லும். வருடத்துக்கு ஒரு முறை போய்வருகிறவருக்கு 36 பக்கமே தாராளம். சென்னையில் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் ஆகிய இடங்களில் சேவா மையங்கள் இருக்கின்றன. உங்களுக்கு எது பக்கம் என்பதைவிட எதில் சீக்கிரம் தேதி கிடைக்கிறது என்று பாருங்கள். பெரியவர்களுக்குப் போட்டோ தேவையில்லை, அங்கேயே எடுத்துக்கொள்கிறார்கள். நாலு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு மட்டும் வெள்ளைப் பின்னணியில் எடுத்த படம் கொண்டுபோக வேண்டும்.

இப்போது பெயர் விஷயத்துக்கு வருவோம். விண்ணப்பத்தில் 'கிவன் நேம்', 'சர்நேம்' என்று இரண்டு கட்டங்கள். நமக்கோ சர்நேம் என்று ஒன்று கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் உண்டு. இனிஷியலை அப்படியே போட பாஸ்போர்ட்டில் இடமில்லை, விரித்து எழுத வேண்டும். ஆர். முருகன், அப்பா பெயர் ராமசாமி என்று வையுங்கள். மூன்று வழிகளில் எழுதலாம்:

கிவன் நேமில் முருகன், சர்நேமில் ராமசாமி.
கிவன் நேமில் முருகன் ராமசாமி, சர்நேம் காலி.
கிவன் நேமில் முருகன் மட்டும், சர்நேம் காலி.

என் சிபாரிசு முதலாவதுதான். வெளிநாட்டு ஓட்டல் கவுண்டரில் 'மிஸ்டர் ராமசாமி' என்று உங்கள் அப்பாவைக் கூப்பிடுவார்கள், திரும்பிப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். இரண்டாவதில் டிக்கெட் போடும்போதெல்லாம் சர்நேம் கட்டம் உங்களை மறிக்கும். காலியாக விட்டால் படிவம் நகராது. பெயரையே இரண்டு முறை போடச் சொல்லும் விமான நிறுவனமும் உண்டு, 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போடச் சொல்வதும் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு விதி. மூன்றாவது வழி வேண்டவே வேண்டாம். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது அதிகம் திண்டாடியவர்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு. ஏற்கனவே சர்நேம் காலியாக வைத்திருப்பவர்கள் 'ரீஇஷ்யூ' விண்ணப்பத்தில் விவரத்தை மாற்றிக்கொள்ளலாம், கட்டணம் அதே 1,500தான்.

சேவா மையத்தில் ஏ, பி, சி என்று மூன்று கட்டக் கவுண்டர்கள். ஏ-வில் ஆவணத்தை ஸ்கேன் செய்து, படம் பிடித்து, கைரேகை எடுப்பார்கள். அங்கேயே திரையில் உங்கள் விவரங்களைக் காட்டுவார்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று தலையாட்டிவிடாதீர்கள். எழுத்து எழுத்தாகப் படியுங்கள், முக்கியமாக அப்பா பெயரின் ஆங்கில எழுத்துகளை. ஆதாரில் 'டிஹெச்' போட்டு, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் 'டி' மட்டும் போட்டு எழுதியிருந்தால் பி கவுண்டரில் பிடித்துக்கொள்வார்கள். ஆதார், பான், மதிப்பெண் பட்டியல் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கும்படி முன்னாலேயே திருத்திவிட்டுத் தேதி வாங்குங்கள். அசலோடு, கையெழுத்துப் போட்ட ஜெராக்ஸும் வேண்டும்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை ஏன் கேட்கிறார்கள் என்றால், பத்து தேறாதவர்களுக்கு 'இசிஆர்' (வேலைக்கு வெளிநாடு போகுமுன் சரிபார்ப்பு தேவை என்ற முத்திரை) பாஸ்போர்ட் கொடுப்பார்கள். வேலைக்குப் போகும்போது 18 நாடுகளுக்கு அவர்கள் தனி அனுமதி வாங்க வேண்டும். மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, அமீரகம் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. சுற்றுலாவுக்குப் போக அந்த அனுமதி தேவையில்லை. ஆனால் குடிநுழைவில் கொஞ்சம் கூடுதலாகவே விசாரிப்பார்கள், ரிட்டர்ன் டிக்கெட்டும் ஓட்டல் பதிவும் கையில் அச்செடுத்து இருக்கட்டும். 50 வயது தாண்டியவர்களுக்கும் வருமான வரி கட்டுபவர்களுக்கும் இந்த முத்திரை வேண்டியதில்லை. பெற்றோருக்கு விண்ணப்பிக்கும்போது இதைக் கவனித்து அதற்கான ஆவணத்தோடு போங்கள்.

போலீஸ் விசாரணைக்குத் தனியாகக் கட்டணம் எதுவும் கிடையாது. 'டீ செலவு' என்று யாராவது சொன்னால் ரசீது கேளுங்கள். விண்ணப்பித்த முகவரியில் நீங்கள் இருக்க வேண்டும், பாஸ்போர்ட்டும் அந்த முகவரிக்கே ஸ்பீடு போஸ்டில் வரும். வீடு மாற்றப்போகிறீர்கள் என்றால் மாறிய பிறகு விண்ணப்பிப்பது நிம்மதி. பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே இதை முடித்துவிடுங்கள்.

ஏற்கனவே பாஸ்போர்ட் இருந்தால், திரும்பி வரும் நாளிலிருந்து கணக்குப் போட்டு ஆறு மாதமாவது செல்லுபடி பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். பல நாடுகள் இதைக் கேட்கின்றன. குறைந்தால் செக்-இன் கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். அந்த டிக்கெட் காசு திரும்ப வராது.

2. நாடும் மாதமும்

முதல் பயணத்துக்கு மலேசியா, தாய்லாந்து, சிங்கப்பூர், இலங்கை, வியட்நாம் இவற்றில் ஒன்று போதும். கோலாலம்பூரும் சிங்கப்பூரும் சென்னையிலிருந்து ஏறக்குறைய நாலு மணி நேரம். கொழும்பு இன்னும் பக்கம், தூங்கி எழுவதற்குள் இறங்கிவிடும்.

மே மாதமும் டிசம்பர் கடைசியும் டிக்கெட் விலை ஏறும் காலம். ஊரே பள்ளி விடுமுறையில் கிளம்பும். அந்த ஊர்த் திருவிழாக்களையும் பாருங்கள். சீனப் புத்தாண்டுக்குச் சிங்கப்பூர், மலேசியாவில் கடைகள் பல மூடியிருக்கும், அறை வாடகை ஏறும். தாய்லாந்தில் ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான் என்ற அவர்கள் புத்தாண்டு, நம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டியே வரும். சிங்கப்பூரில் ஃபார்முலா ஒன் பந்தயம் நடக்கும் வாரத்தில் ஓட்டல் பக்கமே போக முடியாது. பள்ளி திறந்தபின் ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, அதுவும் செவ்வாய், புதனில் கிளம்பி வார நாளிலேயே திரும்புகிற மாதிரி வைத்தால் பொதுவாகக் குறைவாக இருக்கும். குழந்தைகள் படிக்கிற வீடுகளுக்கு இது முடியாது, தெரியும். அவர்கள் காலாண்டு விடுமுறையைப் பார்க்கலாம்.

3. விசா: 'தேவையில்லை' என்றாலும் வேலை இருக்கிறது

மலேசியா இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதிக்கிறது. இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. தாய்லாந்து 2024 ஜூலையில் 60 நாள் விலக்கு கொடுத்தது. இவை அரசு முடிவுகள், எந்த நேரமும் மாறலாம். டிக்கெட் போடும் அதே நாளில் அந்நாட்டுத் தூதரகத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். போன வருடம் போய்வந்த சித்தப்பா சொன்னார் என்பது ஆதாரம் ஆகாது.

விசா இல்லாவிட்டாலும் வருகைப் படிவம் உண்டு. மலேசியாவுக்கு 'எம்டிஏசி', தாய்லாந்துக்கு 'டிடிஏசி' (2025 மே 1 முதல்), சிங்கப்பூருக்கு 'எஸ்ஜி அரைவல் கார்டு'. மூன்றையும் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். மூன்றும் இலவசம். எங்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜெண்ட் இந்தப் படிவத்துக்கே தலைக்கு இவ்வளவு என்று பில்லில் சேர்த்திருந்தார். இணையத்திலும் அரசுத் தளம் மாதிரியே வேஷம் போட்டு டாலரில் காசு கேட்கும் தளங்கள் உண்டு. கார்டு எண் கேட்டால் அது தவறான இடம், மூடிவிடுங்கள். நிரப்பப் பத்து நிமிடம்கூட ஆகாது.

சிங்கப்பூருக்கு விசா வேண்டும். கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர். அங்கீகரிக்கப்பட்ட ஏஜெண்டுகள் வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும், அவர்கள் சேவைக் கட்டணத்தைத் தனியாக வைப்பார்கள். அந்தக் கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் இரண்டு மூன்று இடங்களில் கேளுங்கள். 'விசா ஃபீஸ் எவ்வளவு, உங்க சார்ஜ் எவ்வளவு' என்று பிரித்துக் கேட்டால்தான் சரியான விடை வரும். வியட்நாமுக்கு இ-விசா நீங்களே போடலாம்: ஒருமுறை நுழைய 25 அமெரிக்க டாலர், பலமுறைக்கு 50. இதிலும் போலித் தளங்கள் அதிகம்.

ஐரோப்பாவுக்கு ஷெங்கன் விசா 90 யூரோ, 2024 ஜூனிலிருந்து. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுக்க வேண்டும். முடிவுக்குச் சாதாரணமாக 15 நாள், சில சமயம் 45 நாள் வரை இழுக்கும். கோடை விடுமுறைக்கு என்றால் ஜனவரியிலேயே தேதி தேடத் தொடங்குங்கள், அப்பாயிண்ட்மெண்ட் கிடைப்பதுதான் பெரிய பாடு. அப்பாயிண்ட்மெண்டை விற்கும் ஆட்களிடம் போகாதீர்கள்.

விசாவுக்குக் கேட்கும் ஆவணங்கள் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான்: ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு, அலுவலகத்திலிருந்து விடுப்புக் கடிதம், சம்பளச் சீட்டு, பயணத் திட்டம், ஓட்டல் பதிவு, போட்டோ. வங்கிக் கணக்கு விவரத்தில் வங்கியின் முத்திரை கேட்பார்கள், கிளைக்குப் போய்த்தான் வாங்க வேண்டும். விண்ணப்பத்துக்கு ஒரு வாரம் முன்னால் மச்சானிடம் இரண்டு லட்சம் வாங்கிக் கணக்கில் போட்டு 'பேலன்ஸ் காட்டும்' வேலை வேண்டாம். திடீரென்று வந்த தொகை பார்த்ததுமே தெரியும், சந்தேகத்தைத்தான் வளர்க்கும். சொந்தத் தொழில் செய்பவர்கள் ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழை வையுங்கள். போட்டோ அளவு ஒவ்வொரு நாட்டுக்கும் வேறு: ஷெங்கனுக்கு 35க்கு 45 மில்லிமீட்டர், அமெரிக்காவுக்கு இரண்டு அங்குலச் சதுரம். ஸ்டூடியோவில் நாட்டின் பெயரைச் சொல்லியே எடுங்கள்.

அப்பா, அம்மா, பிள்ளை மூவருக்கும் மூன்று வெவ்வேறு சர்நேம் இருப்பது நம் வீடுகளில் சகஜம். வெளியே இருப்பவர்களுக்கு அது புரியாது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழின் ஆங்கிலப் பிரதி ஒன்றைப் பையில் வைத்திருங்கள். அம்மாவோ அப்பாவோ ஒருவர் மட்டும் கூட்டிப்போனால் மற்றவரின் சம்மதக் கடிதமும் இருக்கட்டும்.

4. டிக்கெட்

விசா வேண்டிய நாடு என்றால், விசா கைக்கு வரும் வரை பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டைத் தொடாதீர்கள். ஓட்டலையும் இலவசமாக ரத்துசெய்யக்கூடிய வகையிலேயே பதிவு செய்யுங்கள், விசா வந்ததும் மலிவானதற்கு மாறிக்கொள்ளலாம்.

மலிவு விமானங்களில் காட்டும் விலை ஆளுக்கும் ஏழு கிலோ கைப்பைக்கும் மட்டும்தான். பெட்டி, இருக்கை, சாப்பாடு எல்லாம் தனி. நாலு பேர் குடும்பத்துக்கு 20 கிலோப் பெட்டி ஒன்றோ இரண்டோ போட்டு, சாப்பாட்டையும் சேர்த்து, கடைசியில் வரும் தொகையை முழுச்சேவை விமானத்தின் விலையோடு ஒப்பிடுங்கள். சில நாள்களில் வித்தியாசமே இருக்காது. பெட்டியை டிக்கெட் போடும்போதே சேர்ப்பதுதான் மலிவு. ஏர்போர்ட் கவுண்டரில் சேர்த்தால் பல மடங்கு. கைப்பையை எடை போடுவார்களா என்று கேட்காதீர்கள், போடுவார்கள். கேட் பக்கத்தில் தராசை வைத்துக்கொண்டு, எட்டரைக் கிலோ காட்டிய பையைத் திறந்து ஜீன்ஸை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ளும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டிலேயே தொங்கு தராசில் பார்த்துவிடுங்கள்.

டெல்டாப் பக்கத்து ஆள்கள் திருச்சி விலையையும் பாருங்கள். அங்கிருந்தும் சிங்கப்பூர், கோலாலம்பூருக்கு நேரடி விமானம் உண்டு. சென்னை வரும் செலவும் ஓட்டல் இரவும் மிச்சமாகும்.

தனித்தனி டிக்கெட்டாக வாங்கி நடுவில் மாறிப்போகும் ஏற்பாட்டில் ஒரு பொறி இருக்கிறது. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்குக் கவலையில்லை, உங்கள் டிக்கெட் போயிற்று. பெட்டியையும் வெளியே எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும், அதற்கு அந்த நாட்டுக்குள் நுழையும் அனுமதி வேண்டும். முதல் பயணத்துக்கு நேரடி விமானம், இல்லையென்றால் ஒரே பதிவில் உள்ள இணைப்பு விமானம்.

5. பணம்: கார்டு, நோட்டு, கமிஷன்

சாதாரண டெபிட், கிரெடிட் கார்டை வெளியே தேய்த்தால் பல வங்கிகள் 3.5 சதவீதம் வரை மார்க்-அப் (நாணய மாற்றுக்கான கூடுதல் கட்டணம்) பிடிக்கின்றன, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஒரு லட்சம் செலவழித்தால் 3,500 ரூபாய், அதோடு 630. ஆக 4,130 ரூபாய் சும்மா போகிறது. மார்க்-அப் இல்லாத கார்டுகளும் இருக்கின்றன. உங்கள் கார்டு எந்த வகை என்று வங்கிச் செயலியில் கட்டண அட்டவணையைப் பாருங்கள். வெளிநாட்டுப் பயன்பாடு முதலிலிருந்தே அணைத்துத்தான் வைக்கப்பட்டிருக்கும். கிளம்பும் முன் செயலியில் திறந்து, வரம்பையும் வையுங்கள்.

கடையில் மெஷின் 'ஐஎன்ஆரில் கட்டுகிறீர்களா, உள்ளூர்ப் பணத்திலா' என்று கேட்கும். ரூபாய் என்றதும் பழக்கதோஷத்தில் அதைத் தட்டத் தோன்றும். தட்டாதீர்கள். அந்த மெஷின்காரன் வைத்த மாற்று விலை உங்கள் வங்கியின் விலையைவிட மோசமாகவே இருக்கும். எப்போதும் உள்ளூர்ப் பணம். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும். தாய்லாந்து ஏடிஎம்மில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அளவுக்குக் கட்டணம் எடுத்துவிடுவார்கள். அதனால் சிறிது சிறிதாக எடுக்காதீர்கள்.

நோட்டு வாங்க அண்ணா சாலை, தி. நகர், எழும்பூர், பாரிமுனைப் பக்கம் நாணய மாற்றுக் கடைகள் இருக்கின்றன. கடைசி நிமிடத்தில் ஏர்போர்ட் கவுண்டரில் வாங்குவதுதான் மிக மோசமான விலை. காலையில் இரண்டு மூன்று கடைகளுக்குப் போன் போட்டு 'செல்லிங் ரேட் என்ன, எல்லாம் சேர்த்து கைக்கு எவ்வளவு' என்று கேளுங்கள். ரிசர்வ் வங்கி அனுமதி உள்ள கடையா என்று பார்த்து, பில் கட்டாயம் வாங்குங்கள். பாஸ்போர்ட், பான், டிக்கெட் நகல் கேட்பார்கள். 50,000 ரூபாய்க்கு உள்ளே என்றால்தான் ரொக்கமாகக் கொடுத்து வாங்கலாம், அதற்கு மேல் வங்கி வழியாகத்தான். பொதுவாக ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் வரை நோட்டாக எடுத்துப்போகலாம், மீதியைக் கார்டில்தான் வைக்க வேண்டும். இந்திய ரூபாயை 25,000 வரைதான் வெளியே கொண்டுபோகலாம்.

சிங்கப்பூர் டாலரும் மலேசிய ரிங்கிட்டும் சென்னையில் புழக்கம் அதிகம், இங்கேயே வாங்கலாம். தாய் பாட்டுக்கு என் யோசனை வேறு: அமெரிக்க டாலராக வாங்கிப்போய் பாங்காக் நகருக்குள் மாற்றுங்கள், ஏர்போர்ட் செலவுக்கு மட்டும் கொஞ்சம் பாட் இங்கேயே எடுத்துக்கொள்ளலாம். நூறு டாலர் நோட்டாகக் கேளுங்கள், சின்ன நோட்டுக்கு அங்கே விலை குறைவு. கடைக்காரர் கட்டை எடுத்து எண்ணிக் கொடுக்கும்போது ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பேனாக் கிறுக்கல், முத்திரை, ஓரக் கிழிசல், மடிப்புக் கோட்டில் வெளுப்பு எது இருந்தாலும் 'வேற நோட்டு கொடுங்க அண்ணே' என்று அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள். இங்கே கை மாறும் நோட்டு அங்கே கவுண்டரில் திரும்பி வரும்.

டூர் பேக்கேஜ் வாங்கினால் டிசிஎஸ் என்று, விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரியைச் சேர்த்துப் பிடிப்பார்கள். அது போன காசு இல்லை, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். யார் பானில் பேக்கேஜ் போடுகிறீர்களோ அவர் பேரில்தான் வரும். அதனால் வரிக் கணக்குத் தாக்கல் செய்கிறவர் பானைக் கொடுங்கள், வருமானமில்லாத பாட்டியின் பானை அல்ல.

6. இன்சூரன்ஸ், மருந்து, ஊசி

பயண இன்சூரன்ஸ் எடுங்கள், பெரியவர்கள் கூட வந்தால் கட்டாயம். ஷெங்கனுக்கு 30,000 யூரோ காப்பீடு இல்லாமல் விசாவே கிடையாது. ஏற்கனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம் பற்றி மறைக்காமல் எழுதுங்கள்.

மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்றவை அமீரகத்தில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. கென்யா, தான்சானியா மாதிரி ஆப்பிரிக்க நாடுகளுக்கு என்றால் மஞ்சள் காய்ச்சல் ஊசி. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். சான்றிதழ் ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லும் என்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

7. பெட்டி

இட்லிப் பொடி, பருப்புப் பொடி, முறுக்கு பிரச்சினையில்லை. ஊறுகாய், நெய், தொக்கு எல்லாம் பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கு. 100 மில்லிக்கு மேல் கைப்பையில் போகாது, பெட்டியில் வையுங்கள். கொப்பரைத் தேங்காய் பெட்டியிலும் வேண்டாம், எளிதில் தீப்பற்றும் பொருள் என்று எடுத்துவிடுவார்கள். மசாலா டப்பாவில் கசகசா இருக்கிறதா பாருங்கள். அமீரகத்தில் அது தடைசெய்யப்பட்ட பொருள், பெரிய வம்பாகிவிடும். சிங்கப்பூருக்குச் சூயிங் கம் வேண்டாம், சிகரெட்டுக்கு அங்கே வரிச் சலுகை கிடையாது.

பவர் பேங்க் கைப்பையில் மட்டும். 20,000 எம்ஏஹெச் வரை கவலையில்லை. 100 வாட்-ஹவர் தாண்டினால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

நகையைக் குறைத்துக்கொள்ளுங்கள். நிறையப் போட்டுப்போய்த்தான் ஆக வேண்டும் என்றால், கிளம்பும்போதே சுங்க அலுவலகத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் திரும்பும்போது 'இது எங்கள் கல்யாண நகைதான்' என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில்.

8. சிம்

இந்திய எண்ணை உயிரோடு வைத்திருங்கள். வங்கி ஓடிபி அதில்தான் வரும். ரோமிங்கைத் திறந்து வைத்து, அந்த சிம்மின் டேட்டாவை மட்டும் அணைத்துவிடுங்கள். டேட்டாவுக்கு இ-சிம்மோ அங்கே வாங்கும் சுற்றுலா சிம்மோ மலிவு. வாடகைக் கார் கூப்பிட 'கிராப்' செயலியை இங்கேயே இறக்கி, எண்ணையும் கார்டையும் சேர்த்துவிடுங்கள். இறங்கிய இடத்தில் ஓடிபி வராமல் நிற்பது கொடுமை.

9. மீனம்பாக்கம் போகும் நாள்

சர்வதேசப் புறப்பாடு டி2 முனையம். மூன்று மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். மெட்ரோ காலை 5 மணி முதல் இரவு 11 வரைதான், நம் வெளிநாட்டு விமானங்களில் பல நள்ளிரவிலும் விடியற்காலையிலும். அந்த நேரத்துக்கு டாக்சிக் கட்டணம் கணக்கில் வையுங்கள், இல்லையென்றால் கடைசி மெட்ரோவில் வந்து உள்ளே காத்திருங்கள்.

தென் மாவட்டத்திலிருந்து ரயிலில் வருகிறவர்கள் எழும்பூர் வரை போக வேண்டாம். தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் திரிசூலம் வாருங்கள். ஐந்து ரூபாய் டிக்கெட், ஸ்டேஷனுக்கு எதிரே ஏர்போர்ட், சுரங்கப்பாதை இருக்கிறது. அரசுப் பேருந்தில் வந்தால் கிளாம்பாக்கத்தில் இறங்கி, ஜிஎஸ்டி சாலையில் போகும் மாநகரப் பேருந்தைப் பிடியுங்கள்.

முகத்தைக் காட்டி உள்ளே போகும் டிஜியாத்ரா வசதி உள்நாட்டுப் பயணத்துக்கு மட்டும். குடிநுழைவு வரிசையைத் தவிர்க்க 'எஃப்டிஐ-டிடிபி' என்று மத்திய உள்துறையின் திட்டம் 2025 ஜனவரியில் சென்னைக்கும் வந்தது. இணையத்தில் பதிந்து, கைரேகையும் முகப் படமும் கொடுத்துவிட்டால் தானியங்கிக் கதவு வழியாகப் போகலாம். இந்தியர்களுக்கு இலவசம். வருடத்தில் ஓரிரு முறை போகிறவர்களுக்கும் பயன்தான்.

குடிநுழைவு அதிகாரி கேட்பது மூன்றே: எங்கே, எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள். பெற்றோரைத் தனியாக அனுப்பினால் ஓட்டல் முகவரியையும் அங்குள்ள உறவினர் எண்ணையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள். செல்போனில் இருக்கிறது என்றால் அவர்கள் தேடி எடுப்பதற்குள் பதறிவிடுவார்கள்.

10. இறங்கியபின்

ஏர்போர்ட்டிலிருந்து நகருக்குள் போவதில்தான் முதல் நாள் காசு கரையும். சிங்கப்பூரில் எம்ஆர்டி மெட்ரோ ரயிலில் வங்கிக் கார்டைத் தட்டியே போகலாம், வெளிநாட்டுக் கார்டுக்கு ஒரு நாளைக்கு 60 சிங்கப்பூர் சென்ட் கூடுதல். பாங்காக் சுவர்ணபூமியிலிருந்து ஏர்போர்ட் ரெயில் லிங்க்கில் பயா தாய் வரை 45 பாட். கோலாலம்பூரில் வேகரயில் 55 ரிங்கிட், பஸ் அதைவிட ரொம்பக் குறைவு. நாலு பேர் என்றால் கிராப் காரையும் ஒப்பிடுங்கள், ரயிலைவிடக் குறைவாக வரலாம்.

மலேசிய ஓட்டல்களில் வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி. இணையத்தில் கட்டிய தொகையில் பெரும்பாலும் சேர்ந்திருக்காது. திருப்பித் தரும் டெபாசிட்டும் கேட்பார்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சாப்பாட்டுக்கு சிங்கப்பூரில் தேக்கா, கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ். தமிழிலேயே கேட்டுச் சாப்பிடலாம், ஓட்டல் காலை உணவுக்குத் தனியாகக் கட்ட வேண்டியதில்லை.

11. திரும்பி வந்தபின்

சில்லறைக் காசுகளை அங்கேயே செலவழித்துவிடுங்கள், இங்கே மாற்றுக் கடைகளில் நாணயம் வாங்கமாட்டார்கள். மிச்சம் நோட்டுகளில் 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் இருப்பதை 180 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாங்கிய கடையிலேயே பழைய பில்லைக் காட்டிக் கேளுங்கள், சிலர் கொஞ்சம் நல்ல விலை போடுவார்கள். கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை அன்றே அணைத்துவிடுங்கள். ஓட்டல் டெபாசிட் கணக்குக்குத் திரும்பி வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம், அதுவரை அந்த ரசீதைக் கிழிக்க வேண்டாம்.